பன்னிரண்டு வீட்டுக் காலண்டர்

2023ஆம் வருஷம் ஆகஸ்ட் எட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, இரும்பு வியாபாரி ஞானதுரை ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் இருந்தார். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில், எடை மேடையில் ஏற்றி நிறுத்தியிருந்த லாரிக்குப் பக்கத்தில் தானும் மேடை மேலேயே நின்றுகொண்டு டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தார். பார்த்தவர்கள் ஒன்பது பேர். திருவொற்றியூரில், இனி என் முகத்தில் முழிக்காதே என்று நாலு வருஷத்துக்கு முன்னால் அவர் துரத்திவிட்ட மகன் ஜெஸ்வினின் வீட்டில், கட்டில் ஓரமாக உட்கார்ந்து ஒரு நாயின் தலையைத் தடவிக்கொண்டும் இருந்தார். அதற்குப் போட்டோ இருக்கிறது. எடைச் சீட்டும் இருக்கிறது. பதினொன்றே காலுக்கு அடித்த சீட்டில் எழுபத்தெட்டு கிலோ குறைந்தது. எடை போடுகிறவர் சந்தேகப்பட்டு உடனே இன்னொரு சீட்டு அடித்தபோது அந்த எழுபத்தெட்டும் திரும்பி வந்திருந்தது. ஞானதுரையின் எடையும் அதுதான்.

போட்டோ எடுத்தவள் ஜானட். ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில் கீழே சின்னதாக ஒரு ஸ்டூடியோ, வெளிப்புறப் படியில் ஏறினால் முதல் மாடியில் வீடு. பதினெட்டு வருஷத் தொழில். கல்யாணம், புதுநன்மை, மஞ்சள் நீர், சாவு எல்லாம் எடுப்பாள் என்றாலும் ஊர் அவளைத் தேடி வந்தது ஜாயின்ட் படத்துக்காக. அந்தப் பக்கத்தில் எந்தக் குடும்பமும் மொத்தமாக ஒரே நாளில் ஒரே இடத்தில் இருந்ததாகச் சரித்திரம் கிடையாது. அப்பா கப்பலில் இருப்பார், அண்ணன் புழல் ஜெயிலில் உள்ளே இருப்பான், தாத்தா கல்லறையில் இருப்பார். அவர்களைப் பழைய படங்களிலிருந்து வெட்டி எடுத்துக் கல்யாண மேடையில் பெண்ணுக்குப் பக்கத்தில் நிற்க வைத்துக் கொடுப்பதுதான் ஜாயின்ட் படம். முகத்தை ஒட்ட யாருக்கும் வரும், நிழலை ஒட்டுவதில்தான் வேலை இருக்கிறது. ஜானட் ஒட்டினால் நிழல் அச்சு அசலாக விழும். இவர் எப்போது வந்தார், நான் பார்க்கவே இல்லையே என்று சம்பந்திகள் கேட்ட வீடுகள் உண்டு.

அவள் வீட்டில் மட்டும் அந்த வித்தை செல்லுபடியாகவில்லை. 2016இல் சிவந்தி என்கிற எண்ணூர்ப் பெண், கன்டெய்னர் யார்டில் கணக்குப் பார்ப்பவள், ஒரு டிரங்குப் பெட்டியோடு மாடியேறி வந்து ஜானட்டோடு குடியிருக்க ஆரம்பித்தாள். ரூம்மேட் என்று சொல்லிவிட்டால் ஊர் வாயை மூடிக்கொள்ளும். ஜானட்டுக்குப் பொய் சொல்ல வரவில்லை. இவள் என் வீட்டுக்காரி என்று அம்மாவிடம் நேராகவே சொன்னாள். அம்மா சிலுவையம்மாள் காசிமேட்டில் முப்பது வருஷம் மீன் ஏலம் எடுத்தவர். அந்தத் தொண்டைக்கு எதிரில் விசைப்படகு முதலாளிகளே வாய் திறக்க மாட்டார்கள். அன்று அவர் சத்தம் போடவில்லை. கோயிலுக்குப் போய் மாதா சுரூபத்தின் முன்னால் முழங்காலிட்டு, என் மகள் வீட்டு வாசல்படியை இனி மிதிக்க மாட்டேன் என்று நேர்ந்துகொண்டார். கடலை நம்பிப் பிழைத்த குடும்பங்களில் நேர்த்தியை மீறியவர் கிடையாது. தெருவுக்குத் தெரு ஐந்து நிமிட நடைதான், ஏழு வருஷம் ஓடிப்போயிற்று. ஜானட்டும் அம்மாவைப் போலவே வீம்புக்காரி, அவளும் போகவில்லை. ராத்திரி ஏதாவது ஆம்புலன்ஸ் போனால் மட்டும் எழுந்து உட்கார்ந்து அது எந்தத் தெருவில் திரும்புகிறது என்று காது கொடுத்துக் கேட்பாள். 2018இல் ஒரு சாம்பல் நிறப் பூனைக்குட்டி வந்து சேர்ந்தது, நெத்திலி என்று பெயர் வைத்தார்கள். நல்ல தீனிக்காரப் பூனை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் காலை ஒன்பதரைக்கு அடுப்படி ஜன்னல் வழியாக வெளியே போய்விட்டு வந்து, வீட்டில் வைத்த எதையும் தொடாது. நெத்திலிக்கு ஞாயிற்றுக்கிழமை ஒருசந்தி என்று சிவந்தி கிண்டல் செய்வாள்.

காலண்டர் போடலாம் என்ற யோசனை ரூபினாவுடையது. எண்ணூரில் ஆடு வளர்க்கும் திருநங்கை. திருவொற்றியூரில் மாதம் ஒரு முறை கூடும் சிநேகிதர் குழுவில் அவள்தான் அந்தப் பேச்சை எடுத்தாள். பத்திரிகைகள் அந்தக் குழுவில் உள்ளவர்களைப் பால்புதுமையர் என்று எழுதுகின்றன. தெருவில் வேறு பெயர்கள் உண்டு, அவற்றை இங்கே எழுதி மையை வீணாக்க வேண்டியதில்லை. வடசென்னையில் காலண்டர் என்றால் சாமி இருக்கும், நகை போட்ட பெண் இருப்பாள், கட்சிக்காரர் கும்பிட்டுக்கொண்டு நிற்பார். நம்ம ஆளுங்க எந்தச் செவுத்துலயும் இல்ல என்றாள் ரூபினா. பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு வீடு, அவரவர் வீட்டில், அவரவர் வளர்க்கும் பிராணியோடு. ஜோடனை கூடாது, உடம்புக்கு எது வசதியோ அந்தத் துணியில் இருக்க வேண்டும். பிராணி எதற்கு என்று யாரோ கேட்டார்கள். சொந்தக்காரங்க எல்லாம் போய்ட்டாங்க, இதுங்க போவல என்று அவள் பதில் சொன்னாள்.

முதல் வீடு ஜெஸ்வினுடையது. லிஃப்ட் மெக்கானிக். அவனோடு இருக்கும் முதஸ்ஸிர் தோல் தொழிற்சாலையில் வெட்டும் வேலை பார்க்கிறவன். லாரி என்று ஒரு நாய். மூவரையும் கட்டிலில் உட்கார வைத்து ஜானட் எடுத்துவிட்டு வந்தாள். கேமராத் திரையில் மூவர்தான் இருந்தார்கள். வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் ஏற்றியபோது நாலாவதாக ஒருவர் இருந்தார். வெள்ளை வேட்டி, கோடு போட்ட அரைக்கைச் சட்டை, நாயின் தலையில் வலது கை. ஜானட் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து சுவரோடு ஒட்டி நின்றாள். யார் என்றே அவளுக்குத் தெரியாத மனிதர். தூக்கத்தில் தானே ஒட்டிவிட்டேனோ என்று மெமரி கார்டைத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். கார்டிலும் இருந்தார். படத்தை ஜெஸ்வினுக்கு அனுப்பினாள். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு வரி வந்தது. அக்கா, அப்பாகிட்ட அந்தச் சட்டை இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்.

அடுத்த வீடுகளிலும் அப்படியே நடந்தது. காசிமேட்டு மொட்டைமாடியில் முப்பத்திரண்டு புறாக்களுக்கு நடுவில் உபைதுல்லாவை எடுத்தபோது, ஷார்ஜாவில் ஏசி அறையில் இருந்த அவனுடைய அண்ணன் படத்துக்குள் வந்து நின்றார். ஷார்ஜாவில் அவர் தோளில் புறா எச்சம் இருந்தது. ஆறு வருஷம் பேசாதவர் அன்று போன் போட்டு, அந்தப் புள்ளிப் புறா இன்னமும் இருக்கா என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டார். ரூபினாவின் தம்பி திண்டிவனத்தில் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கையில் உள்ளங்கை ஆட்டு எச்சிலால் நனைந்து போயிற்று. எட்டு, ஒன்பது வீடு ஆனபோது இதில் ஒரு ஒழுங்கு இருப்பது ஜானட்டுக்குப் பிடிபட்டது. உயிரோடு இருப்பவர்கள் மட்டுமே வருகிறார்கள், செத்தவர் ஒருவரும் வரவில்லை. கோபித்துக்கொண்டு விலகிப் போனவர்கள் மட்டுமே வருகிறார்கள். வந்தவர்களில் பெற்ற பிள்ளையையோ கூடப்பிறந்ததையோ தொட்டவர் ஒருவர்கூட இல்லை, எல்லார் கையும் பிராணியின் மேல்தான் இருந்தது. பிராணிகளோ கேமராவை ஏறிட்டுப் பார்க்காமல் வந்தவரையே பார்த்துக்கொண்டிருந்தன. விஷயம் வெளியே தெரிந்து ராயபுரம் ஒரு வாரம் ஆடிப்போயிற்று. எட்டாம் நாள் யார் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்பதே பேச்சாக ஆகிவிட்டது. பிள்ளையைத் துரத்திய சில அப்பாமார்கள் படத்துக்குள் இழுபடாமல் இருக்கக் காலை வேளைகளில் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார்கள். பிரயோஜனம் இல்லை.

ஞானதுரை செப்டம்பரில் ஸ்டூடியோவுக்கு வந்தார். யாரோ அவர் போனுக்குப் படத்தை அனுப்பியிருந்தார்கள். தெற்குச் சீமையிலிருந்து வந்து இரும்பில் பெரிய ஆளானவர், குரலும் இரும்பு. என் படத்த யாரக் கேட்டும்மா ஒட்டுன, போலீசுக்குப் போவட்டா என்று ஆரம்பித்தார். ஜானட் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள்.

"அண்ணாச்சி, ஒட்ற வேலை எனக்குத் தெரியும். உங்க நெழலு செவுத்துல வுழுது பாருங்க. நீங்க குந்துன எடத்துல மெத்தை பள்ளமாயிருக்கு. உங்க கைக்கு அடியில நாயோட காது மடங்கியிருக்கு. இத எவனாலயும் ஒட்ட முடியாது."

அவர் மடங்கிய காதை வெகுநேரம் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து இரண்டு எடைச் சீட்டுகளை எடுத்து மேஜை மேல் வைத்தார். வேட்டியின் தொடைப் பக்கத்தைத் தூக்கிக் காட்டினார், பழுப்பு நிறத்தில் நாய் முடி ஒட்டியிருந்தது. எத்தனை முறை வெளுத்தாலும் மறுபடி முளைப்பதாகச் சொன்னார். அந்த நாயி பேரு என்ன என்று கேட்டார். லாரி என்றாள் ஜானட். மணலி ரோட்டில் ஒரு லாரிக்கு அடியில் கிடந்த குட்டி, பின்பக்கம் ஞானதுரை ஸ்டீல்ஸ் என்று எழுதியிருந்த லாரி, ஜெஸ்வின் அதனால்தான் அதைத் தூக்கிக்கொண்டு வந்தான் என்பதையும் சொன்னாள். நாய்க்குப் போயி லாரின்னு பேரு வைப்பானா, கோட்டிக்காரப் பய என்று சொல்லிவிட்டு அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். போலீஸ் பேச்சை அதன் பிறகு எடுக்கவில்லை. போகும்போது ஒரு பிரின்ட் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

அனிஷாவின் வீட்டில்தான் ஜானட் தப்பு செய்தாள். அனிஷா வண்ணாரப்பேட்டை ஜவுளிக் கடையில் பில் போடுகிறவள், வெள்ளை முயல் ஒன்று வளர்த்தாள். அம்மா வருவார் என்று அன்று தலைக்குக் குளித்துச் சோபாவில் பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்திருந்தாள். படத்தில் ஒருவரும் வரவில்லை. ஜானட்டுக்கு அதைச் சொல்ல மனம் வரவில்லை. அனிஷாவிடமிருந்து பழைய படம் ஒன்று எப்படியோ கேட்டு வாங்கி, அதிலிருந்த அம்மாவை வெட்டி, சோபாவில் உட்கார வைத்து, நிழலையும் விழச் செய்து, பிரின்ட் போட்டுக் கொடுத்துவிட்டாள். அவள் செய்ததிலேயே அதுதான் நேர்த்தியான ஜாயின்ட். மறுநாள் காலையில் அனிஷா போன் செய்தாள். அக்கா, படத்துல மொயலக் காணோம். ஜானட் ஓடிப்போய்ப் பார்த்தாள். அனிஷா இருந்தாள், ஒட்டிய அம்மா இருந்தார். அனிஷாவின் மடியில் முயல் இருந்த இடத்தில் பாவாடை மட்டும் கொஞ்சம் அமுங்கியிருந்தது. நிஜ முயலோ கூண்டுக்குள் முதுகைத் திருப்பிக்கொண்டு கேரட்டைத் தொட மாட்டேன் என்றது. உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். அனிஷா ஒரு மூச்சு அழுதுவிட்டு, அந்த எடம் காலியாவே இருக்கட்டும்கா, எப்பனா வந்தா குந்தட்டும் என்றாள். ஒட்டியதை எடுத்துவிட்டுப் புதிதாகப் பிரின்ட் போட்டபோது முயல் மடிக்குத் திரும்பியிருந்தது.

பதினொரு வீடு முடிந்தது. பன்னிரண்டாவது வீட்டுக்காரன் ஷிபின் கடைசி நேரத்தில் ஜகா வாங்கிவிட்டான். அவனுடைய அப்பாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்து இருபது நாள்தான் ஆகிறது, திடீரென்று இழுத்து வந்தால் தாங்க மாட்டார் என்று பயந்தான், பயந்ததில் தப்பும் இல்லை. அச்சகத்துக்கு அனுப்ப இன்னும் ஒரு வாரம். நம்ம வூட்டயே எடுத்துரு என்றாள் சிவந்தி. ஜானட் மூன்று நாள் தள்ளிப் போட்டாள். சிவந்தியின் பெற்றோர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அவள் பக்கத்திலிருந்து வர ஆள் கிடையாது. ஜானட்டுக்கு இருப்பது ஒரே ஒரு அம்மா. அம்மா வந்துவிட்டால் ஏழு வருஷமும் இந்த வீட்டை நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார் என்று அர்த்தம். வராவிட்டால் அனிஷா வீட்டுச் சோபாதான். படமே எடுக்காமல் இருந்தால் எதுவும் தெரியாமலேயே இருந்துவிடலாம். சிவந்தியிடம் அதைச் சொன்னாள். தெரியாமயே எத்தினி வருசம் இருப்ப என்று சிவந்தி கேட்டாள்.

நவம்பர் ஐந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அடுப்படி ஜன்னல் வழியாக வெயில் கண்ணைக் குத்தியதால் அதை மூடித் தாழ்ப்பாள் போட்டார்கள், வாசல் கதவையும் சாத்தினார்கள். சோபாவில் ஜானட்டும் சிவந்தியும். பக்கத்தில் ஒரு மர ஸ்டூல், அம்மாவுக்கு முட்டி வலி என்பதால் உயரமானதாகப் பார்த்துப் போட்டிருந்தார்கள். நெத்திலி சிவந்தியின் மடியில் நிலைகொள்ளாமல் நெளிந்தது, இரண்டு முறை தாவப் பார்த்தது, சிவந்தி அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கேமராவை முக்காலி ஸ்டாண்டில் நிறுத்தி, டைமர் போட்டு, நாலு படம் எடுத்தார்கள். மணி ஒன்பது ஐம்பது.

ஜானட் கார்டை லேப்டாப்பில் போட்டாள். ஸ்டூல் காலியாக இருந்தது. நாலு படத்திலும் காலி. பெரிதாக்கிப் பார்த்தாள், சுவரில் ஸ்டூலின் நிழல் மட்டும் விழுந்திருந்தது. ஜானட்டுக்கு அழுகைகூட வரவில்லை. ஷார்ஜாவிலிருந்து வந்தார்கள், ஓடுகிற பஸ்ஸிலிருந்து வந்தார்கள், ஐந்து நிமிட நடையிலிருந்து பெற்ற தாய் வரவில்லை. அவள் கை தானாகப் பழைய படங்களைத் திறந்தது. ஒரு கல்யாணத்தில் அரக்கு நிறப் புடவையில் அம்மா இருந்தார். வெளிச்சம்கூட அதே பக்கத்திலிருந்துதான் விழுந்திருந்தது, அரை மணி நேர வேலை.

"வேணாம் ஜானு. மொயலு கத ஆயிடும்" என்றாள் சிவந்தி. சொல்லிவிட்டுத் திரையைக் குனிந்து பார்த்தாள். "நெத்திலி இன்னா அங்க பாக்குது?"

நாலு படத்திலும் பூனை கேமராவைப் பார்க்கவில்லை, ஸ்டூலையும் பார்க்கவில்லை. சாத்திய வாசல் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது. இருவரும் திரும்பினார்கள். நிஜப் பூனை அதே கதவைப் பிராண்டிக்கொண்டிருந்தது. ஜானட் போய்த் தாழ்ப்பாளை நீக்கினாள்.

மேலிருந்து மூன்றாவது படியில், ஒரு காலை நீட்டிக்கொண்டு, பூசைக்குக் கட்டின புடவையில் சிலுவையம்மாள் உட்கார்ந்திருந்தார். மடியில் பிரித்த செய்தித்தாளில் மீன் தலைகள். நெத்திலி தினசரி பழக்கம் மாதிரி நேரே போய் அவர் முழங்காலில் ஏறிக்கொண்டது. ஜானட்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பத்து வீடுகளில் வராத மனிதர்கள் வந்து உட்கார்ந்ததைப் பார்த்தபோதுகூட இவ்வளவு அதிர்ச்சி இல்லை. ஒரு வயதான பொம்பளை தன் சொந்தக் காலால் பதினான்கு படி ஏறி வந்திருந்ததில்தான் அது இருந்தது.

"பூனைய ஏன் அடச்சு வெச்சீங்க? அரை மணியா குந்திகினு கீறேன்" என்றார் அம்மா. மற்ற ஞாயிறுகளில் பத்து நிமிடத்தில் தீனி முடிந்து போய்விடுவாராம். பூனை வராததால் உடம்புக்கு என்னவோ என்று காத்திருந்திருக்கிறார். எத்தனை நாளாக வருகிறீர்கள் என்று சிவந்திதான் கேட்டாள். பூனை வந்த வருஷத்திலிருந்து என்றார். ஐந்து வருஷ ஞாயிறு. பூசை முடிந்து வருவார், மேல் வீட்டில் ஞாயிறன்று பத்து மணிக்கு முன்னால் யாரும் எழுந்து வெளியே வர மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

ஜானட் இரண்டு படி இறங்கி அவர் எதிரில் நின்றாள். "படத்துல நீ வரலியேம்மா."

"படத்துல வர்றதுக்கு நான் இன்னா துபாய்லயா கீறேன்? இங்கதான கீறேன்."

உள்ளே வாங்க என்று சிவந்தி கூப்பிட்டாள். வாசப்படி மிதிக்க மாட்டேன்னு மாதாகிட்ட நேந்துகினேன், அது அப்டியேதான் கீது என்றார் சிலுவையம்மாள், குரலில் சமாதானத்தின் சாயலே இல்லாமல். ஜானட் உள்ளே போய் அந்த உயரமான ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து படிக்கட்டு மேடையில் போட்டாள். அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து அதில் உட்கார்ந்தார். மகளும் மருமகளும் படியில் உட்கார்ந்தார்கள். காபி வெளியே வந்தது. சர்க்கரை தூக்கல் என்று ஒரு குறை சொன்னார், ஆனாலும் முழுவதையும் குடித்தார். கிளம்பும்போது சிவந்தியின் கையைப் பிடித்துத்தான் படியிறங்கினார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை அந்தக் குடும்பம் படிக்கட்டில்தான் நடக்கிறது. மழைக்கு மேலே ஒரு தகரம் போட்டிருக்கிறார்கள். நேர்த்தி இன்று வரை மீறப்படவில்லை.

காலண்டர் சிவகாசியில் அச்சாகி டிசம்பர் முதல் வாரம் வந்தது. மார்ச் மாதத்தில் ஞானதுரை இருந்தார், ஆகஸ்ட்டில் அனிஷாவின் பக்கத்தில் காலியிடம் இருந்தது, டிசம்பரில் இரண்டு பெண்கள், ஒரு பூனை, ஒரு காலி ஸ்டூல், சாத்திய கதவு. சாத்தாங்காட்டில் ஞானதுரையின் கடைச் சுவரில் அந்தக் காலண்டர் 2024 முழுவதும் மார்ச்சிலேயே தொங்கியது. தேதி கேட்டவர்களைப் போனில் பார்த்துக்கொள்ளச் சொன்னார். மகன் வீட்டுக்கு அவர் இன்னும் காலால் நடந்து போகவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமைகளில் பதினொன்றே காலுக்கு அவர் மேடையில் நின்றிருந்தால் எழுபத்தெட்டு கிலோ குறையும் என்பது மார்க்கெட்டில் எல்லாருக்கும் தெரியும். எடை போடுகிறவர் இரண்டு நிமிடம் பொறுத்திருந்து, அண்ணாச்சி திரும்பி வந்த பிறகு சீட்டு அடிக்கிறார்.

சிலுவையம்மாள் தன் வீட்டில் மாதா படத்துக்குப் பக்கத்தில் காலண்டரை டிசம்பரில் மடக்கி மாட்டியிருக்கிறார். வருஷம் மாறிய பிறகும் எடுக்கவில்லை. வருகிறவர்கள் மகளைப் பார்க்கிறார்கள், பக்கத்தில் இருப்பவளைப் பார்க்கிறார்கள், எதையாவது கேட்டு வைக்க வேண்டுமே என்று ஸ்டூல் ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்கிறார்கள். சிலுவையம்மாள் ஸ்டூலை விட்டுவிட்டுக் கதவின் மேல் விரலை வைத்து, இதுக்கு அந்தாண்ட குந்திகினு கீறது நான்தான் என்பார். வந்தவர்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சாத்திய கதவை உற்றுப் பார்ப்பார்கள். ஆமா, நல்லாத்தான் விழுந்திருக்கே என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து காபி குடிப்பார்கள்.